பதிமூன்றிலிருந்து பத்து வரை

கண்ணாடிக் கடையில் பவர் பார்க்கிற வேலை அவளுக்கு. அண்ணன், அவள், தம்பி மூவருடைய கிட்டாருக்கும் கம்பி வாங்குவதும் அவள்தான், மாட்டுவதும் அவள்தான். அண்ணனையோ தம்பியையோ கடைக்கு அனுப்பினால் இரண்டு மணி நேரம் கதை அளந்துவிட்டுத் தப்பான பாக்கெட்டோடு வந்து நிற்பார்கள் என்பது அவள் பட்டுத் தெரிந்துகொண்டது.

மூவருக்கும் மூன்று குணம், மூன்று கம்பி. அண்ணன் எலெக்ட்ரீஷியன், வாசிப்பதும் எலெக்ட்ரிக் கிட்டார். அதற்கு ஒன்பதாம் நம்பர் நிக்கல் கம்பி. ரொம்ப மெலிசு. விரல் பட்டால் போதும், அண்ணியிடம் அண்ணன் வளைந்து கொடுப்பதைப்போல வளைந்து கொடுக்கும். அவள் வாசிப்பது பேஸ் கிட்டார். நாலே நாலு தடிக் கம்பி, அதிலும் வழவழவென்று தட்டையாகச் சுற்றியது. விரலை நகர்த்தினால் கீச்சென்று கத்தாது, இரண்டு வருஷம் ஆனாலும் மாற்றச் சொல்லிக் கேட்காது. தம்பி பெயிண்டர். அவனுடைய அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பதிமூன்றாம் நம்பர் வெண்கலக் கம்பி. நம்பர் ஏற ஏறக் கம்பி தடிக்கும், அழுத்த விரலில் வலு வேண்டும், சத்தம் கும்மென்று வரும். அண்ணனுடைய ஒன்பதைக் கண்டாலே அவனுக்கு இளக்காரம்.

"இது கம்பியாண்ணே? பட்டன் தைக்கற நூலு," என்பான்.

அந்த வாய்க்கொழுப்பு அடங்கியது, ஏணியிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டபோதுதான். கட்டுப் பிரித்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வழக்கம்போல அண்ணன் வீட்டு ஹாலில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். ஒன்றரைப் பாட்டுக்குள் தம்பியின் முகம் வெளிறிவிட்டது. கையை உதறிவிட்டுக் கிட்டாரைப் பெட்டிக்குள் வைத்தான்.

"என்னால முடியல. வேற ஆளைப் பாத்துக்குங்க."

"கொஞ்ச நாளைக்கு மெலிசா போட்டுக்கலாம்டா," என்றாள்.

"பதிமூணுல வாசிச்ச கைக்கா இது. நூல்ல வாசிக்கறதுக்கு வாசிக்காமயே இருந்துடலாம்."

அவளுக்கு அழுகை முட்டியது. வேற ஆளாமே, வேற ஆள்! அவன் கை தாளம் போட்டுத் தரும் இடத்தில்தான் அவளுடைய பேஸ் காலை ஊன்றும். அது கிடக்கட்டும். கிட்டாரை எடுத்தால்தான் அவன் வாய்விட்டுச் சிரிப்பான். விழுந்த நாளிலிருந்து அவன் சிரித்து யாரும் பார்க்கவில்லை. கிட்டார் போனால் தம்பியும் பாதி போய்விடுவான் என்று பயந்தாள்.

மறுநாள் கடையில் ஒருவர் புதுக் கண்ணாடியை மாட்டிய கையோடு தலை சுற்றுகிறது என்று கழற்றிவிட்டார். "கொஞ்சம் கொஞ்சமா ஏத்தித் தரேன் சார், மாறினதே உங்களுக்குத் தெரியாது," என்று தினமும் சொல்வதையே அன்றும் சொன்னாள். சொன்னதும் அவளுக்கே பொறி தட்டியது. அந்த மனிதருக்குக் காப்பி வாங்கிக் கொடுக்கலாம் போலிருந்தது.

"கம்பி துருப்பிடிக்குதுடா, கொண்டா மாட்டித் தரேன்," என்று தம்பியின் கிட்டாரை வாங்கி வந்தாள். போட்டது பன்னிரண்டு, காட்டியது பதிமூன்றின் கவர். "தினம் பத்து நிமிஷம் தட்டு, போதும்." அடுத்த மாதம் "உன் வேர்வைக்குச் சீக்கிரம் கறுத்துப் போச்சு" என்று பதினொன்று. அதற்கடுத்த மாதம் பத்து. கம்பி மெலிய மெலிய இழுவை குறைந்து கிட்டாரின் கழுத்து நிமிர்ந்துவிடும், கம்பி கட்டையில் உரசி ர்ர்ர் என்று இரையும். அதற்கும் ஒவ்வொரு தடவையும் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டைச் சாவி போட்டுக் கால் சுற்றுத் தளர்த்தினாள். திருட்டுத்தனம் என்றாலும் வேலை சுத்தமாக இருக்க வேண்டுமே.

கை தேறியது. புகழெல்லாம் பிசியோதெரபிஸ்ட் அமுக்கச் சொல்லிக் கொடுத்த ரப்பர் பந்துக்குப் போனது.

"பாத்தியாக்கா? எல்லாம் பந்து மகிமை!" என்று போகிற இடமெல்லாம் பந்துப் பிரசாரம் செய்தான். அண்ணிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தான். "அண்ணே, நீயும் அமுக்கு. ஒன்பதுலேர்ந்து பத்துக்காவது வருவே."

அவள் சமையலறைக்கு ஓடித் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்ததும் பயம் வந்தது. விஷயம் தெரிந்தால் பெட்டியை மூடிவிடுவான். இந்தத் தடவை மூடினால் திறக்க மாட்டான்.

ஆனால் கம்பி மெலிந்தால் சத்தமும் மெலியும். அதற்கு மட்டும் அவளிடம் வைத்தியம் இல்லை. தம்பியின் கிட்டார் கேட்க வேண்டுமே என்று அண்ணன் வாராவாரம் தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை போய்விட்டது.

"இதுக்கு மேல குறைச்சா நான் எந்திரிச்சு வீட்டுக்குத்தான் போகணும்," என்றார், தன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு. "உன்னோடதுல என்ன கோளாறு? குடுடா பாக்கலாம்."

வாங்கி மூன்றாவது கம்பியை விரலால் தள்ளினார். அது சொன்னபடி நகர்ந்தது.

"டேய், இது பத்துடா!"

தம்பி அவளைப் பார்த்தான். அண்ணி கையிலிருந்த பந்தைக் கீழே வைத்தாள்.

"நான்தான்," என்று ஒரே மூச்சில் கொட்டினாள். "பன்னெண்டு, பதினொண்ணு, பத்து. மூணும் நான்தான் போட்டேன். பழைய கவரைக் காட்டி ஏமாத்தினேன். என்னை எவ்வளவு வேணும்னாலும் திட்டு. பெட்டியை மட்டும் மூடிடாதடா."

தம்பி அண்ணனிடமிருந்து கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான். இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மணிக்கட்டை மடக்கினான், நீட்டினான்.

"இன்னிக்கு எத்தனை பாட்டு வாசிச்சேன்?"

"பதினொண்ணு," என்றாள்.

"வலியே இல்ல." அவன் பார்வை மெல்ல அண்ணனின் கிட்டார் பக்கம் போனது. அண்ணன் அதை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"ஏன்க்கா, அப்போ ஒன்பது போட்டா இருபது பாட்டு வாசிக்கலாமா?"