துளை போட்ட படகும் எங்கள் அசோசியேஷனும்

அயனம்பாக்கம் ஏரி நிரம்பி வழிந்தால் அந்தத் தண்ணீருக்கு எங்கள் தெருதான் வழி. ஃபிளாட்டை விற்றவன் இதைச் சொல்லவில்லை. ஏரிக்காற்று வரும் என்று மட்டும் சொன்னான். ஒவ்வொரு மழைக்கும் இடுப்பளவு தண்ணீரில் கிடந்து அலுத்துப்போன எங்கள் அசோசியேஷன் மேதைகள், மீன்பிடித்து ஓய்ந்த ஒரு பழைய ஃபைபர் படகைக் காசிமேட்டிலிருந்து லாரியில் ஏற்றி வந்தார்கள். பூசணிக்காய் சுற்றி உடைத்து, கீழே கார் நிறுத்தும் இடத்தில் வைத்து, ஆளாளுக்கு அதில் ஏறி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். இன்ஜின் மட்டும் இல்லை.

எனக்கு அந்தப் படகு விளையாட்டுச் சாமான் இல்லை. என் கணவருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒருமுறை தவறினால் கால் வீங்கும். அடுத்ததும் தவறினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். "மழைக்கு முன்னால ஏதோ ஒரு இன்ஜினை மாட்டிடுங்கப்பா" என்று கெஞ்சினேன்.

ஏதோ ஒன்றா! செயலாளருக்கு அடுக்குமா? அவர் ஐ.டி. கம்பெனியில் மேனேஜர். மெரினாவில் சுண்டல் தின்றபடி கடலைப் பார்த்ததோடு சரி. "அவுட்போர்டுன்னா வெளியில தொங்கும் ஆன்ட்டி. எவனாவது கழட்டிட்டுப் போயிடுவான். இன்போர்டுதான் சேஃப், படகுக்குள்ளயே இருக்கும்" என்றார். பொருளாளர் விடுவாரா? வேகத்தடையிலோ மூழ்கிய பைக்கிலோ இடித்தால் அவுட்போர்டை மேலே தூக்கிக்கொள்ளலாம், உள்ளே வைத்த இன்ஜினுக்குப் படகின் அடியில் சுழலும் விசிறி உடைந்தே போகும் என்றார். நியாயம்தான். அந்த நியாயத்தோடு போய் ஒன்றை வாங்கி வந்தாரா? அதுதான் இல்லை. வாட்ஸ்அப்பில் வாக்கெடுப்பு. சரிசமமாக நின்றது. மறுபடி வாக்கெடுப்பு. வாடகைக்கு இருப்பவர்களுக்கு வாக்கு உண்டா என்று அதற்கொரு சண்டை. ஆவணி போய்ப் புரட்டாசியும் போயிற்று.

நடுவில் செயலாளருக்கு ஒரு ஞானோதயம். முடிவு வரும்வரை நேரத்தை வீணாக்குவானேன் என்று, இன்போர்டு இன்ஜினின் விசிறித் தண்டு வெளியே வருவதற்குப் படகின் அடியில் துளை போட்டு வைத்துவிட்டார். அடேயப்பா, என்ன முன்யோசனை! பொருளாளர் குதித்தார், அடிப்பாகம் பழசு, கனமான இன்ஜினைத் தாங்காது என்றார். அதில் ஒரு மாதம். சரி, துளையையாவது அடைத்துத் தொலையுங்கள் என்றேன்.

"இன்போர்டே முடிவாச்சுன்னா திரும்ப ஓட்டை போடணுமே ஆன்ட்டி. டபுள் வேலை" என்றார் செயலாளர்.

இவர்களையெல்லாம் எந்தப் புண்ணியவான் இன்டர்வியூவில் பாஸ் போட்டான்?

ஐப்பசி மழை கொட்டியது. ஏரி வழிந்தது. கீழே நின்ற கார்களே தண்ணீரில் மெல்ல அசைந்தன. படகு மட்டும் அசையவில்லை. துளை வழியாகத் தண்ணீர் ஏறி, அது பாட்டுக்குத் தரையில் உட்கார்ந்திருந்தது. யாரோ யோகா பாயைச் சுருட்டித் திணித்துப் பார்த்தார்கள். வாளியால் மொண்டு ஊற்றினார்கள். மொண்டதைவிட வந்தது அதிகம்.

முதல் டயாலிசிஸ் தவறியது. அடுத்த முறைக்குள் அவரால் படுக்க முடியவில்லை. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்ட ஆம்புலன்ஸ் மெயின் ரோட்டைத் தாண்டி உள்ளே வர முடியாது என்றது. தெருமுனையில் கால்வாய் அடைப்பை எடுத்துக்கொண்டிருந்த ஜேசிபியைப் பார்த்துப் பால்கனியிலிருந்து தொண்டை கிழியக் கத்தினேன். டிரைவர் வண்டியை அப்படியே எங்கள் வாசலுக்குத் திருப்பினார்.

"நைனாவ இட்டுகினு வாம்மா. கெட்டியா புட்ச்சிகினு குந்து, நா கீறேன்ல."

வாட்ச்மேனும் நானும் அவரைத் தாங்கி இறக்கினோம். மண் அள்ளும் தொட்டியில் போர்வையை விரித்து இருவரும் உட்கார்ந்தோம். தொட்டி மேலே எழும்பியது. முதல் மாடி பால்கனிக்கு நேராக வந்தபோது, அங்கே கையில் காபியுடன் செயலாளர் நின்றிருந்தார்.

"ஆன்ட்டி, போற வழியில ஆழம் எவ்ளோ இருக்குன்னு குரூப்ல போடுங்க. இன்போர்டு போகுமான்னு பாத்துடலாம்."

"ஆழம் தெரியணும்னா இறங்கி நில்லுடா, கழுதை!" என்றேன்.

காலையிலிருந்து ஒரு வார்த்தை பேச மூச்சில்லாமல் கிடந்த மனிதர், என் கையைப் பிடித்து இழுத்தார். காதைக் கொண்டுபோய் வைத்தேன்.

"இன்னும்... நல்லா திட்டு" என்றார்.