கழுகுகளுக்குப் பந்தி வைப்பவர்

என் அக்கா புருஷனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'பந்திக்காரர்' என்றால்தான் தெரியும். செத்த மாடுகளைத் தேடிப் போய், டெம்போவில் ஏற்றி, மலையடிவாரத்தில் வேலி போட்ட ஒரு பொட்டலில் இறக்கி, பிணந்தின்னிக் கழுகுகளுக்குப் பந்தி வைப்பதுதான் அவருடைய உத்தியோகம். சீருடை, அடையாள அட்டை எல்லாம் உண்டு. அட்டையை மோந்து பார்த்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

பெண் கேட்டு வந்தபோது அவருடைய அண்ணன், "தம்பி ஹோட்டல் மாதிரி ஒண்ணு நடத்துறான்" என்று சொன்னார். அந்த ஹோட்டலில் சமையல் கிடையாது என்பதும், வாடிக்கையாளர்கள் அத்தனை பேரும் மொட்டைத் தலை என்பதும் கல்யாணத்துக்கு அப்புறம்தான் எங்களுக்குத் தெரிய வந்தது.

அவருடைய டெம்போ தெருவில் நுழைந்தால் மாடு வளர்க்கிறவர்கள் தொழுவத்துக்கு ஓடிப் போய் எட்டிப் பார்ப்பார்கள். ஒருமுறை டயர் பஞ்சராகி ஒரு வீட்டு வாசலில் நிறுத்தினார். அந்த வீட்டம்மா துடைப்பத்தோடு ஓடி வந்து, "எங்க மாடு நல்லாத்தான் இருக்கு! நல்லா திங்குது, நல்லா கறக்குது! கிளம்புய்யா முதல்ல!" என்று விரட்டிவிட்டாள். பாதிப் பேருடைய போனில் அவர் நம்பர் 'செத்தா' என்று பதிவாகியிருக்கிறது.

எனக்கும் அந்தக் கழுகுகளைக் கண்டால் ஆகாது. மாமாவோ அவற்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். முன்பெல்லாம் வானத்தை மறைத்துக்கொண்டு வந்த கூட்டம். எங்கள் பக்கத்தில் இப்போது மிச்சம் முப்பத்தொன்று. ஒரு ஜோடி வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டைதான் வைக்கும். ஒவ்வொன்றையும் அவருக்கு அடையாளம் தெரியும். முதலில் வந்து எல்லாரையும் மேற்பார்வை பார்ப்பது 'ஹெட்மாஸ்டர்'. தாமதமாக வந்தும் முதல் வரிசையில் இடம் பிடிப்பது 'சம்பந்தி'. இடது சிறகில் இரண்டு இறகு இல்லாதது 'கிழவி'. நான் சொல்லப்போகும் சம்பவம் நடந்த வருஷம் கிழவியின் கூட்டில் ஒரு குஞ்சு இருந்தது.

இத்தனையையும் காலி செய்தது துப்பாக்கி இல்லை, வலை இல்லை. ஒரு வலி ஊசி. அந்த ஊசி போட்ட மாடு செத்து, அதைக் கழுகு தின்றால் அதன் சிறுநீரகம் கெட்டுவிடும். இரண்டு மூன்று நாளில் கழுத்து தொங்கும், மரத்திலிருந்து விழும். ஒரு மாட்டைச் சுற்றி முப்பத்தொன்றும் உட்காரும் என்பதால், ஒரே பந்தியில் வம்சமே முடிந்துவிடும். மாட்டுக்கு அந்த மருந்தைப் போடத் தடை இருக்கிறது. மனுஷனுக்குத் தடை இல்லை. மனுஷனுக்கு அதை விற்கும் மெடிக்கல் ஷாப்பில்தான் நான் வேலை பார்க்கிறேன்.

'ஊசி போட்டீங்களா?' என்று நேராகக் கேட்டால் எல்லாரும் வாய் கூசாமல் இல்லை என்றுதான் சொல்வார்கள். மாடு வாசலை விட்டுப் போனால் போதும் அவர்களுக்கு. அதனால் மாமா நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "கடைசி நேரத்துல எப்படி இருந்துச்சு?" என்று கேட்பார். "பாவம், தூங்குற மாதிரி போயிடுச்சுங்க" என்றால் ஊசி போட்டிருக்கிறார்கள்; அந்த மாடு குழிக்குத்தான் போகும். "நாள் பூரா கத்துச்சு, காலை உதைச்சுது, பல்லைக் கடிச்சுது" என்றால் போடவில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூட ஏமாந்ததில்லை என்று அவருக்கு ஒரே பெருமை. சாப்பிட உட்கார்ந்தால் அக்காவிடம் இதே பேச்சுதான். அக்கா காதில் வாங்காத மாதிரியே பரிமாறிக்கொண்டிருப்பாள்.

அக்காவிடம் ஒரு மாடு இருந்தது. பெயர் மகாராணி. பால் வற்றி நாலு வருஷம் ஆகியும் மரியாதை குறையவில்லை. மாமாவுக்கு ஜுரம் வந்தபோது ஒரு மாத்திரையும் தண்ணீரும் கொடுத்தவள், மகாராணி தும்மினால் தலைமாட்டில் உட்கார்ந்துவிடுவாள்.

அந்த வாரம் மாமா கழுகுக் கணக்கெடுப்புக்காகக் காட்டில் தங்கியிருந்தார். அக்கா கடைக்கு வந்து, "முதுகு பிடிச்சுக்கிட்டுதுடா. பக்கத்து வீட்டு நர்ஸ் ஊசி போட்டுவிடுறேன்னு சொல்லுது. அந்த வலி மருந்துல மூணு பாட்டில் குடு" என்றாள். கூடப் பிறந்தவளிடம் என்ன கேள்வி கேட்பது? கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் விடியும்போது மகாராணி போய்ச் சேர்ந்தாள். மாமா அதற்கப்புறம்தான் காட்டிலிருந்து வீடு திரும்பினார். துக்கம் விசாரிக்கப் பத்து மணிக்கு நான் போனபோது மாமா மாட்டை ஏற்றிக்கொண்டு புறப்பட்டுவிட்டிருந்தார். அக்கா அழுதுகொண்டே தொழுவத்தைக் கழுவிக்கொண்டிருந்தாள். கழுவட்டும். ஆனால் விளிம்புவரை தண்ணீர் நிறைந்த குடத்தை ஒரே கையில் தூக்கி வீசி ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, முதுகு சரியாயிடுச்சா?"

"எந்த முதுகு?"

கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அக்கா, அந்த மூணு பாட்டில் எங்க?"

"அது ரெண்டு நாள் கத்துச்சுடா. நீயா இருந்தா பாத்துக்கிட்டு இருப்பியா?"

"மாமா கேட்டிருப்பாரே!"

"கேட்டாரு. பொண்டாட்டின்னுகூடப் பார்க்காம நோட்டைத் தொறந்து வெச்சுக்கிட்டுக் கேட்டாரு. பந்திக்காரர் வீட்லயே ஊசின்னு நாளைக்கு ஊரே சிரிக்குமேன்னு... கத்துச்சு, உதைச்சுது, பல்லைக் கடிச்சுதுன்னு ஒப்பிச்சேன். போட்டு ஒரு நாள் ஆச்சே, மருந்து கரைஞ்சிருக்காதா?"

"கரையாதுக்கா."

மாமாவுக்கு போன் செய்தேன். பந்தி நடக்கும்போது போனை அணைத்துவிடுவார், பறவைகளுக்குத் தொந்தரவாம். அக்கா கொடியில் தொங்கிய குடையை உருவிக்கொண்டு என் வண்டியில் ஏறினாள். வழி முழுக்க என் முதுகில் குடைக் காம்பால் இடித்து, "வேகமாப் போடா, மாட்டு வண்டியா ஓட்டுற?" என்று திட்டிக்கொண்டே வந்தாள். ஊசி எனக்குத்தான் தேவைப்படும் போலிருந்தது.

பொட்டலில் மகாராணி கிடந்தாள். சுற்றிலும் கழுகுகள் இறங்கி, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, வரிசைக்குக் காத்திருந்தன. ஒன்று மட்டும் மாட்டின் மேலேயே ஏறி நின்றது. இடது சிறகில் இரண்டு இறகு இல்லை.

அக்கா வேலியைத் தாண்டிக் குதித்தாள். குடையை விரிப்பதும் மடக்குவதுமாக ஓடினாள். அந்தப் பறவைகளை 'மொட்டைங்க' என்பதைத் தவிர வேறு பெயரால் அவள் கூப்பிட்டதே இல்லை. இப்போது, "வேண்டாம்டி தாயே, வாயை வெச்சுடாதே! இறங்குடி, உனக்குக் குழந்தை இருக்குடி!" என்று கத்தினாள். முப்பது கழுகுகள் சிறகை விரித்து எழும்பின. கிழவி மட்டும் கடைசியாக ஒருமுறை குனிந்து நிமிர்ந்து, அப்புறம்தான் பறந்தாள்.

தூரத்துக் குடிசைக்குள்ளிருந்து மாமா தொலைநோக்கியோடு ஓடி வந்தார். யாரோ பைத்தியம் உள்ளே புகுந்துவிட்டது என்று நினைத்தாராம். குடையைப் பார்த்ததும்தான் அது தன் வீட்டுக் குடை என்று தெரிந்ததாம்.

அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். இன்றைக்கு இவளுக்கு நன்றாக விழப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் நோட்டை எடுத்தார். வலி ஊசி என்ற இடத்தில் 'இல்லை'யை அடித்துவிட்டு 'ஆம்' என்று எழுதினார்.

"ஏன் போட்டே?"

"கத்துச்சு. தாங்க முடியல."

மாமா மாட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "பதினோரு வருஷமா ஊசி போட்டவங்க எல்லாரையும் திருடனுங்கன்னே நினைச்சிருந்தேன்" என்றார். "ஏன்னு ஒருத்தரைக்கூடக் கேட்டதில்ல."

சாயங்காலம் வரை மூவரும் குழி தோண்டினோம். பாறைமேல் உட்கார்ந்திருந்த கழுகுகள், பந்தியில் இலை போட்டுவிட்டு எடுத்துக்கொண்ட வீட்டாரைப் பார்ப்பதுபோல எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

கிழவி தின்றாளா, இல்லையா? அது மட்டும் தெரியவில்லை. அடுத்த மூன்று நாளும் அக்கா சரியாகச் சாப்பிடவில்லை. விடிந்ததும் மாமாவோடு டெம்போவில் ஏறிப் போய்விடுவாள். இத்தனை வருஷம் வாடை தாங்காமல் அந்த வண்டியின் பக்கமே போகாதவள். இரண்டாம் நாள் கிழவி கூட்டில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் என்று மாமா சொன்னபோது, எனக்கும் கடையில் கை ஓடவில்லை. அந்த மூன்று பாட்டிலை எடுத்துக் கொடுத்த கை.

நாலாம் நாள் காலை போன் வந்தது. "பறந்துட்டாடா! குஞ்சுக்கு ஊட்டுறாடா! நான் என் கண்ணால பார்த்தேன்!" என்று அக்கா அழுதாள். நானும் கொஞ்சம் அழுதேன். கவுண்டருக்குக் கீழே குனிந்துகொண்டு.

அதற்கப்புறம் மாமாவின் டெம்போவில் மாட்டு டாக்டரும் ஏற ஆரம்பித்தார். கழுகுக்குக் கெடுதல் செய்யாத இன்னொரு வலி மருந்து இருக்கிறது. நோவில் கிடக்கும் மாட்டுக்கு அதைப் போட்டுவிட்டு வருவார்கள்.

போன வாரம் ஒரு பெரியவர் கடைக்கு வந்தார். "முதுகு வலி, தம்பி. அந்த ஊசி மருந்து நாலு பாட்டில் குடுங்க."

"வலி யாருக்குங்க? ரெண்டு காலுக்கா, நாலு காலுக்கா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "நாலு கால்தான், தம்பி. கத்துது. பாத்துக்கிட்டு இருக்க முடியல."

பாட்டில்களை உள்ளே வைத்துவிட்டு போனை எடுத்தேன்.

"மாமா, ஒரு மாடு. உடனே வாங்க. இல்ல மாமா, சாகல. உயிரோடதான் இருக்கு. அதனாலதான் கூப்பிடுறேன்."