பச்சப்புள்ளைக்கும் பயில்வானுக்கும் நடுவே

மலேசியாவின் கிள்ளான் நகரில் கல்யாணப் புடவைகள் எடுத்துவிட்டு மழைக்கு ஒதுங்கிய காப்பிக்கடையில்தான் அந்த மிஷினைப் பார்த்தேன். ஆள் உயர இரும்புப் பெட்டி. காசு போட்டுப் பிடியை அழுத்தினால், நம் கைக்கு எவ்வளவு பலம் என்று முள் ஓடிக் காட்டும். பழைய எழுத்துகள் அழிந்துபோனதால் கடைக்கார அம்மா தமிழில் எழுதி ஒட்டியிருந்தார்: பச்சப்புள்ள, பரவால்ல, பயில்வான். மழையும் மின்விசிறிச் சத்தமும் சேர்ந்து, பாதிக் கனவில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது எனக்கு.

பக்கவாதத்தில் என் வலது கை விழுந்து ஆறு மாதம். இடது கையால் யாருக்கும் எதையும் நீட்டக் கூசும். கடையில் பணமோ கோயிலில் தேங்காயோ, என் கணவர் என் இடது கையிலிருந்து வாங்கித் தன் வலது கையால் கொடுப்பார். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். சம்பந்தி வீட்டாருக்குத் தாம்பூலத் தட்டை என் வலது கையும் சேர்த்துத்தான் தூக்கித் தர வேண்டும். இந்த ஒன்றை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"ட்ரை பண்ணிப் பாருங்க லா, அக்கா. இதுக்குப் பழைய காசுதான் போவும், நான் தரேன்," என்றார் கடைக்கார அம்மா.

வலது கையால் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன். முள் தூங்கி எழுந்ததுபோல் மெல்ல நகர்ந்து, பச்சப்புள்ளையைத் தாண்டி, பரவால்லவில் நின்றது. வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். தட்டைத் தூக்கிவிடலாம்!

"இப்ப நீங்க வாங்க, பயில்வான்," என்று கணவரைச் சீண்டினேன்.

அவர் அழுத்தினார். முள் பச்சப்புள்ளையிலேயே நின்றது.

"எனக்காக விட்டுக்கொடுக்காதீங்க. ஒழுங்கா அழுத்துங்க."

கடைக்கார அம்மா இன்னொரு காசு போட்டார். கணவர் மறுபடி அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது, முழங்கை நடுங்கியது. முள் அதே இடத்தில்தான் நின்றது.

"மிஷின் பழசு லா," என்றார் கணவர், என்னைப் பார்க்காமல்.

ஆறு மாதமாக அவருடைய அந்தக் கையைப் பிடித்துத்தான் கட்டிலைவிட்டு எழுந்தேன், குளித்தேன், படி ஏறினேன். வலிக்கிறதா என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை.