ஒத்திகையில் இல்லாத ஒப்பாரி

மீனவர் நடனம் என்று ஒன்று இருக்கிறது. பாடசாலை விழா எதுவானாலும் அது கட்டாயம் வரும். மினுங்குகிற பாவாடையை முழங்கால்வரை ஏற்றிக் கட்டி, குட்டிக் கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, பத்துப் பிள்ளைகள் பல்லைக் காட்டியபடி குலுக்குவார்கள். மன்னார்த் தீவில் பிறந்து வளர்ந்தவள் நான். மீன் கூடையைச் சுமந்துகொண்டு இடுப்பை ஆட்டிச் சிரித்த ஒரு பெண்ணை இன்றுவரை கண்டதில்லை. பாரத்தில் கழுத்தே உள்ளே போய்விடும், சிரிப்பு எங்கிருந்து வரும்? ஆனால் அந்தக் கண்றாவியைப் பதினொரு வருடமாகப் பழக்கியவளும் நான்தான். சித்திரமும் நடனமும் படிப்பிக்கிற டீச்சருக்குப் பாடசாலை அதிபர் சொன்னால் சொன்னதுதான்.

அதனால், யுத்தம் முடிந்து சில வருடங்களில் கொழும்பிலிருந்து ஒரு கலை நிறுவனத்து அம்மணி வந்து, "உங்கள் ஊர்ப் பெண்கள் தங்கள் கதையைத் தாங்களே மேடையில் செய்யவேண்டும்" என்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசியில் ஓர் உண்மையான காரியம் செய்யப்போகிறேன் என்று நினைத்தேன். கடற்கரையில் கருவாடு காயப்போடும் வாடிக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். போன உடனே கைலேஞ்சியை எடுத்து மூக்கில் வைத்தார். வாடியை வளைத்து வளைத்துப் படம் எடுத்தார், ஆனால் திரும்பும்வரை லேஞ்சி மூக்கை விட்டு இறங்கவில்லை. அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

வாடியில் வேலை செய்த ஆறு பெண்கள் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் புருசன் யுத்த காலத்தில் ஒரு விடியற்காலை கடலுக்குப் போனவன். அவனும் வரவில்லை, வள்ளமும் வரவில்லை, உடலும் கரையொதுங்கவில்லை. காற்று அடித்து இந்தியப் பக்கம் கொண்டுபோயிருக்கும், அங்கே மறியல் வீட்டில் அடைபட்டு இருப்பான் என்று அவள் நம்பினாள். எங்கள் கத்தோலிக்கக் கரையில் ஒருவர் செத்தால் வீட்டுப் பெண்கள் ஆண்டுப் பூசை முடியும்வரை கறுப்பு உடுப்பார்கள். அவள் கறுப்பு உடுக்கவில்லை, செத்தவர்களுக்கான பூசைக்கு அவன் பெயரைக் கொடுக்கவும் இல்லை. தாலிக்கொடியும் நிறச் சேலையுமாகத்தான் கோயிலுக்கு வருவாள். அவனைப் பெற்ற மாமியும் அதே வீட்டில்தான், அவவுக்கும் அதே பிடிவாதம். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றதால்தான் அவன் ஊருக்குள் உயிரோடு இருந்தான்.

நாடகத்துக்கு அவள் வந்த காரணத்தை முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"கொழும்பிலயிருந்து பெரிய ஆக்கள் வருவினமாம். அவற்ற படத்தைக் கையில வைச்சுக்கொண்டு, இவரைக் கண்டனீங்களோ எண்டு கேக்கப் போறன் டீச்சர். ஆராவது ஒராள் தேடித் தரமாட்டினமே?"

ஒத்திகை பார்க்க வந்த அம்மணிக்கு அது பிடிக்கவில்லை. "படம் வேண்டாம் டீச்சர், அரசியலாகிவிடும். பேச்சே வேண்டாம். உடம்பு பேசட்டும். கறுப்புச் சேலையில் கடலைப் பார்த்து மெதுவாக நடந்தால் போதும்," என்றார். உடம்பு பேசட்டுமாம்! வாயுள்ள பெண்ணின் வாயைப் பொத்திவிட்டு உடம்பைப் பேசச் சொல்கிறார். எனக்குக் கசந்தது. கசந்ததை விழுங்கிக்கொண்டு தலையாட்டினேன்.

மேடைக்குப் பின்னால் தொங்கவிட நான் ஒரு பெரிய சீலையில் படம் கீறியிருந்தேன். சாம்பல் நிறக் கடல், நடுவில் ஒரு வெறும் வள்ளம். அவள் அதைக் கனநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஆளில்லாத வள்ளம் என்னத்துக்கு டீச்சர்? ஒரு ஆளைக் கீறிவிடுங்கோவன்."

வெறுமைதான் அழகு என்று நான் அவளுக்கு வகுப்பு எடுத்தேன். கறுப்பு மட்டும் உடுக்க ஏலாது என்று அவள் அழாக்குறையாகச் சொன்னபோதும் என்னிடம் பதில் இருந்தது.

"நாடகம்தானே. ஏறேக்க உடுத்து, இறங்கின உடன கழட்டுறது. படத்தை வேணுமெண்டா இடுப்பில செருகி வைச்சிரும். நான் பொறுப்பு."

எந்த வாயால் அதைச் சொன்னேனோ தெரியாது. மாமிக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்பது அந்தப் பொறுப்பான மண்டையில் ஏறவே இல்லை.

முருங்கனில் ஒரு மண்டபத்தில், பின்னேரம் மூன்று மணிக்கு நாடகம். ஊர்ச் சனம் பஸ்ஸில் வந்து பின்வரிசையில் இருந்தது. முன்வரிசைக் கதிரைகளில் மாலை போட்ட விருந்தினர். அவள் கறுப்புச் சேலையில் வெளியே வந்து, வெறும் வள்ளத்தைப் பார்த்து நாலு அடி வைத்தாள். பின்னாலிருந்து ஒரு குரல் கிழித்துக்கொண்டு வந்தது.

"என்ர பிள்ளை செத்துப்போட்டானோ! ஐயோ, சேதி வந்திட்டுதோ!"

மாமிதான். நெஞ்சில் அறைந்துகொண்டு எழுந்துவிட்டா. பக்கத்தில் இருந்த பெண்கள் அவவைக் கட்டிப்பிடித்தார்கள், பிடித்தவர்களும் அழத் தொடங்க, மண்டபத்துக்குள்ளேயே ஒப்பாரி எழும்பிவிட்டது. மேடையில் நின்றவள் இடுப்பிலிருந்த படத்தை இழுத்து எடுத்துத் தலைக்கு மேலே பிடித்தாள். "மாமி, ஒண்டுமில்லை! இது நாடகம் மாமி!" என்று கத்தினாள்.

முன்வரிசை திரும்பிப் பார்த்தது. பிறகு முழுவதும் எழுந்து நின்று கை தட்டியது. ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே போனில் படம் பிடித்தார். அந்தக் கைதட்டலை நினைத்தால் இப்போதும் கழுத்து வியர்க்கிறது. அதைவிட அருவருப்பான ஒன்றையும் சொல்லிவிடவேண்டும். மேடையோரம் நின்ற எனக்கு அது யாருடைய குரல் என்று தெரியும், ஒத்திகையில் இல்லாதது என்றும் தெரியும். அப்படியிருந்தும் என் மனதில் முதலில் வந்தது, 'நல்லாய் வந்திருக்கு' என்பதுதான்.

இரண்டு நாள் கழித்து அம்மணி போன் எடுத்தார். "அற்புதம் டீச்சர்! அடுத்த மாதம் கொழும்பில் போடுவோம். அந்த மாமியையும் கட்டாயம் கூட்டி வாருங்கள்."

காறித் துப்பியிருக்கவேண்டும். "யோசிச்சுச் சொல்லுறன்" என்றேன்.

அன்று பின்னேரமே அவள் என் வீட்டுக்கு வந்தாள். கறுப்புச் சேலையைத் தோய்த்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"மாமி பூசைக்குக் குடுக்கப் போறாவாம். நான் சொன்னா நம்பிறா இல்லை. நீங்கள் வந்து சொல்லுங்கோ டீச்சர். நீங்கள் சொன்னா நம்புவா."

அவளோடு போனேன். மாமி வாசலில் கறுப்பு உடுத்து இருந்தா. பக்கத்தில் குந்தி, அது வெறும் நாடகம், எந்தச் சேதியும் வரவில்லை, பிழை முழுக்க என்னுடையது என்று சொன்னேன். அவ என் கையைப் பிடித்துக்கொண்டா. கோபமே இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது.

"என்னைப் பேய்க்காட்டி ஏமாத்தாதேங்கோ பிள்ளை. ஆளில்லாத வள்ளம் கீறினனீங்கள். அவளுக்குக் கறுப்பு உடுப்பிச்சனீங்கள். என்ர பிள்ளைக்காக அவ்வளவு பெரிய ஆக்கள் எழும்பி நிண்டவை. ஒண்டும் தெரியாமலோ நிண்டவை?"

அவவின் பிடியிலிருந்து கையை உருவிக்கொண்டு எழுந்தேன். மருமகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த சனிக்கிழமை பூசை நடந்தது. அவள் மஞ்சள் சேலையில் வந்து முன்வரிசை வாங்கில் இருந்தாள். இறந்தவர்களுக்கான மன்றாட்டில் அவனுடைய பெயரை வாசித்தபோது எழுந்து, ஒருவரையும் பார்க்காமல், நடுவழியால் நடந்து வெளியே போனாள். அவளோடு எழுந்து போகவேண்டியவள் நான் ஒருத்திதான். நான் வாங்கிலேயே இருந்தேன்.