எந்த மேல்கணக்கு

எண்பதுகளின் பிற்பாதியில் பதுளையில் ஓர் அலுவலகத்தில் கம்ப்யூட்டரில் பெயர்களைத் தட்டிக்கொண்டிருந்தேன். தேயிலைத் தோட்டத்து லயங்களில், அந்த வரிசை வீடுகளில், இருக்கும் ஆள்களின் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் எல்லாம் எழுதிய அட்டைகள் தோட்டம் தோட்டமாக வரும். அவற்றைப் பார்த்துப் பட்டியல் அடித்துக் கொழும்புக்கு அனுப்புவோம். அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் இந்த நாட்டுப் பிரஜை என்று சொல்லும் பிரஜாவுரிமைக் கடிதம் கிடைக்கும். ஹல்துமுல்லைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த என் அக்காவுக்கு அந்தக் கடிதம் அவசரமாக வேண்டியிருந்தது. சோதனை பாஸ் பண்ணியவள். ஆசிரியர் வேலைக்கு நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள், கடிதத்தோடு வரச் சொல்லி.

பைல் எங்கே போக வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் முழுப் பாதையையும் தட்டுவது எனக்கு எரிச்சல். நான் கொஞ்சம் சோம்பேறி, அதைவிடக் கொஞ்சம் தலைக்கனம் பிடித்தவன். புத்தகத்தைப் புரட்டி மேக்ரோ என்றொரு வித்தையைப் பிடித்தேன். புரோகிராமின் தலையில் ஒரு பெயரை மட்டும் கொடுத்தால் போதும், அதை வைத்துப் பாதையைப் புரோகிராமே அமைத்துக்கொள்ளும். பிளாப்பியில் எடுக்கும் நகலுக்கும் அதே பெயர்தான். மேலதிகாரி தோளில் தட்டிக்கொடுத்தார். ஒரு வாரம் மிதந்துகொண்டு திரிந்தேன்.

முதலில் வந்த எங்கள் தோட்டத்து அட்டைகளுக்கு நான் கொடுத்த பெயர் மேல்கணக்கு. தோட்டத்தின் பிரிவை எங்கள் சனம் கணக்கு என்றுதான் சொல்லும். மலையில் மேலே இருப்பது மேல்கணக்கு, கீழே இருப்பது கீழ்க்கணக்கு. நான் பிறந்தது மேல்கணக்கில். எந்த ஊர் என்று கேட்டால் மேல்கணக்கு என்போம், தோட்டத்தின் பெயரைச் சொல்லிப் பழக்கமே இல்லை. எல்லாத் தோட்டத்திலும் ஒரு மேல்கணக்கு உண்டு என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். தட்டும்போது நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்து நமுனுகுலப் பக்கத்துத் தோட்டத்தின் அட்டைகள் வந்தன. அங்கும் மேல்கணக்கு. தட்டினேன். புரோகிராம் அதே பாதையில் போய், எங்கள் ஆள்களை அழித்துவிட்டு அந்த இடத்தில் அவர்களை எழுதிவைத்தது. நகலிலும் அப்படியே. ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பட்டியல் அடிக்கிற அன்றுதான் தெரிந்தது. தலைப்பில் எங்கள் தோட்டத்தின் பெயர், கீழே தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லை. தாள் வந்துகொண்டேயிருந்தது. அட்டைகள் இருந்த அலமாரிக்கு ஓடினேன். அட்டைகளை அதற்குள் தோட்டத்துக்கே திருப்பி அனுப்பியிருந்தோம். மேலதிகாரி கத்தவில்லை. மற்றப் பட்டியல்கள் நாளைக்குப் போகட்டும், உங்கள் தோட்டம் அடுத்த தடவை என்றார். அடுத்த தடவை எப்போது என்று அவருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போனேன். அக்கா நேர்முகத்துக்கென்று வாங்கிய சேலையைக் காட்டினாள். எனக்கு அழுகை வந்தது. நடந்ததை நடந்தபடி சொன்னேன். பைல், பாதை எல்லாம் அவளுக்கு உடனே புரிந்தது, என்னைவிடக் கெட்டிக்காரி. சேலையை மடித்து வைத்தாள்.

“தொரமாருக்கு நாம எல்லாரும் ஒன்னுதான். எந்தத் தோட்டம், எந்த லயம்னு அவங்க கேக்க மாட்டாங்க. நீயுமா தம்பி?” என்றாள்.

நேர்முகத்தன்று அவள் கடிதம் இல்லாமலே பதுளைக்கு வந்தாள். வாசலிலேயே கடிதத்தைக் கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என் அலுவலகம் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். என்னைப் பார்க்காமலே பஸ் ஏறிப் போய்விட்டாள்.