கீரிப்பாறை இறக்கமும் புது டிஸ்க் பிரேக்கும்

மலையேற ஜீப் தயார் செய்கிறவர்கள் முதலில் டயர் வாங்குவார்கள். அப்புறம் பம்பர், சிக்கிய வண்டியை இழுக்கும் வின்ச், கூரை விளக்கு. பிரேக் ஞாபகத்துக்கு வருவது கடைசியில்தான். எனக்கு அது வந்தது கீரிப்பாறைக்கு மேலே, நண்பர் ஒருவரின் ரப்பர் தோட்டத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோது. பிப்ரவரியில் மார்த்தாண்டத்தில் பிரேக்கை மாற்றி, அதே இறக்கத்தில் மறுபடி இறங்கிப் பார்த்தோம். அதே வேலையை யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

வண்டி பழைய டீசல் ஜீப். நாலு அங்குலம் பெரிய டயர், இரும்பு பம்பர், வின்ச் என்று இருநூறு கிலோவாவது கூட்டியிருப்பேன். பிரேக் மட்டும் கம்பெனியில் வந்த அதே டிரம். ஜனவரியில் நானும் மனைவி ஜெஸியும் தோட்டத்திலிருந்து இறங்கினோம். மூன்று கிலோமீட்டர் செங்குத்தான மண் சாலை. பாதி வழியில் கருகிய வாடை வந்தது, பெடல் தரைவரை போய்விட்டது. வேறு வழியில்லாமல் மலைப்பக்கத்து மண்திட்டில் ஏற்றி நிறுத்தினேன். இடித்தது இடதுபக்கம், அதாவது ஜெஸி உட்கார்ந்திருந்த பக்கம். தோள் வீங்கி, இரண்டு வாரம் அந்தக் கையைத் தூக்க முடியாமல்தான் பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தாள்.

அதன்பிறகு அவள் ஜீப்பில் ஏறவில்லை. பயந்த சுபாவம் என்று நினைத்துவிடாதீர்கள், நாகர்கோவில் நெரிசலில் தினமும் கார் ஓட்டுகிறவள். நாங்கள் இரண்டு பேரும் ஊர்சுற்றத்தான் இந்த ஜீப்பை வாங்கினோம். பிரேக்கை மாற்றியும் அவள் வராவிட்டால் விற்றுவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

வண்டியை ரெக்கவரி வேனில் மார்த்தாண்டத்துக்கு அனுப்பினேன். செல்வதாஸ் அண்ணன் மஸ்கட்டில் பதினெட்டு வருடம் பாலைவன ஜீப்புகளைப் பழுதுபார்த்தவர், இப்போது சொந்தமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். முன்சக்கரங்களுக்கு டிஸ்க், பெடலின் அழுத்தத்தை ஆயில் வழியாகச் சக்கரங்களுக்கு அனுப்பும் பெரிய மாஸ்டர் சிலிண்டர், மிதிப்பதை இலகுவாக்கும் வேக்குவம் பூஸ்டர், பின்னால் புது பிரேக் ஷூ, எல்லா ஹோஸும் புதிது. பொருள் 27,500, கூலி 6,500. மூன்று நாள் வேலை.

சனிக்கிழமை காலை 7.10க்கு நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறினோம். 32 கிலோமீட்டர்தான், மார்த்தாண்டம் போய்ச்சேர 8.20 ஆனது. ஜெஸி கிளம்பும்போதே சொல்லிவிட்டாள்: "பாக்கதுக்கு வாறேன். திரும்ப பஸ்லதான் வருவேன்."

போனபோது பிரேக் லைனிலிருந்து காற்று எடுக்கும் வேலை பாக்கி இருந்தது. ஒருவர் பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் காற்றை வெளியே விடும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். நான் ஓட்டுநர் இருக்கையில் ஏறப் போனேன். அண்ணன் தடுத்தார்.

"ஓனர நான் மிதிக்க விடமாட்டேன். வண்டி கையில கிட்டுனா போதும்னு, சரியாச்சு சரியாச்சும்பான். அன்னைக்கு பேடிச்ச ஆளு ஆராக்கும்? அவங்க ஏறட்டும்."

பேடி என்றால் மார்த்தாண்டம் பக்கம் பயம். ஜெஸி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். மாஸ்டர் சிலிண்டருக்குத் தூரமான சக்கரத்திலிருந்துதான் தொடங்க வேண்டும், அதாவது பின் இடது. அடியிலிருந்து அண்ணன் "மிதி, பிடிச்சுக்கோ, விடு" என்று சொல்லச் சொல்ல அவள் மிதித்தாள்.

"எப்படி இருக்கு?"

"பஞ்சு மாதிரி அமுங்குது."

நாற்பது நிமிடம் ஆனது. நான்காவது சக்கரம் முடிந்ததும், "இப்ப கல்லு மாதிரி நிக்குது" என்றாள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"அன்னைக்கு எந்த கியர்ல எறங்கினிய?"

"பிரேக்குதான் அண்ணே..." என்று ஆரம்பித்தேன்.

"நியூட்ரல்ல," என்றாள் ஜெஸி, பெடலிலிருந்து காலை எடுக்காமலே. "டீசல் மிச்சமாம். இவிய இத ஒருத்தர்ட்டயும் சொல்லல்ல."

உண்மை. இறக்கத்தில் நியூட்ரல் போடுவது எங்கள் ஊரில் பாதிப்பேருக்கு இருக்கும் பழக்கம். கியரில் இருந்தால் எஞ்சினும் வண்டியைப் பிடிக்கும், நியூட்ரலில் பாரம் முழுவதும் பிரேக் மேல்தான். ஒரு மாதமாக நண்பர்கள், உறவினர்கள் எல்லோரிடமும் பிரேக் என்னைக் கைவிட்டதாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். வீங்கின தோளோடு பக்கத்தில் உட்கார்ந்து அவள் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு வெட்கமாக இருந்தது. என் தப்புதான் என்று இருவரிடமும் சொன்னேன்.

"பிரேக்க நான் மாத்தியாச்சு," என்றார் அண்ணன். "கியரு ஒங்க கையிலயாக்கும். நியூட்ரல்ல எறங்கினா இந்த டிஸ்க்கும் வெந்துபோவும், கேட்டியளா."

ஜெஸி இறங்கவில்லை. "சாவிய தாங்க. அந்த எறக்கத்த நான் ஓட்டிப் பாக்கணும்," என்றாள்.

11.15க்குக் கிளம்பினோம். தக்கலை வழியாகத் தோட்டம் வரை மீட்டரில் 48 கிலோமீட்டர் காட்டியது. புது பிரேக் பேட் டிஸ்க்கோடு படிய வேண்டும் என்பதற்காக, ஆள் நடமாட்டமில்லாத ஒரு நீட்டத்தில் ஐம்பது கிலோமீட்டர் வேகத்திலிருந்து பத்து கிலோமீட்டருக்கு என்று பத்துத் தடவை குறைத்தாள். 2.40க்கு இறக்கம் தொடங்கியது. இரண்டாவது கியர், பதினைந்து கிலோமீட்டர் வேகம். வண்டி அடக்கமாகத்தான் இறங்கியது. இருந்தும் என் வலதுகால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. மண்திட்டு வந்தபோது கதவிலிருந்து விலகி உட்கார்ந்தேன். அந்த இருக்கையில் பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டு, வேறு எதுவும் உங்கள் கையில் இல்லை.

"எதுக்கு தரைய மிதிக்கிய?" என்றாள், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பயமா இருக்கு."

"அன்னைக்கு எனக்கும் அப்படித்தான் இருந்துது."

கீழே வந்து டிஸ்க் பக்கத்தில் கை வைத்துப் பார்த்தோம். சூடு இருந்தது, வாடை இல்லை.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். டயரும் பிரேக்கும் சேர்த்தே மாற்றுங்கள். டயர் அளவு மாறினால் ஆர்டிஓவிலும் காப்பீட்டிலும் முதலில் விசாரியுங்கள். பிரேக் ஆயில் பழசாயிருந்தால் டிஸ்க் போட்டும் பிரயோஜனமில்லை. எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். தோட்டச் சாலைகள் தனியாருடையவை, கேட்காமல் நுழையாதீர்கள்.

ஜீப்பை விற்கவில்லை. சாவி இப்போது ஜெஸியின் கைப்பையில் இருக்கிறது. மலைக்குப் போவதென்றால் நான் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எந்த கியரில் இறங்குவேன் என்று சொன்னால்தான் தருகிறாள்.