கழுதை செத்ததா, பிழைத்ததா?

"படிக்கிறது இன்னா பெரிய விஷயமா? எங்க வூட்டு மாடுகூடத்தான் தெனமும் போஸ்டரைப் பாத்துக்கினு நிக்குது. கொஞ்ச நேரம் பாத்துட்டு அப்பறம் தின்னுடுது. நீ தின்றதில்ல, அவ்ளோதான் வித்தியாசம்."

என் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, இதைச் சொன்னது போன வருடக் கோடையில். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுதிவிட்டு நான் வீட்டில் இருந்தேன். உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, நடுவழியில் இறங்கி ஒரு மைல் நடந்தால் எங்கள் ஊர். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் முதன்முதலில் போனவள் நான்தான். அப்பா, அம்மா இருவரும் கைநாட்டு. மாமாவும் கைநாட்டுதான், ஆனால் மாட்டுத் தரகர். மாட்டின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாரென்றால் வயது, குணம், போன வாரம் என்ன தின்றது என்பது வரை சொல்லிவிடுவார்.

என்னைக் காஞ்சிபுரத்தில் கல்லூரியில் சேர்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. தாமலில் ஏரிக்கரையை ஒட்டி நிலம் வைத்திருக்கும் ஒரு மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது மாமாவின் திட்டம். அம்மா, தம்பி சொல்லாமல் அடுப்பில் உலைகூட வைக்கமாட்டாள். சந்தையில் தரகர்கள் துண்டால் கையை மூடிக்கொண்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள் இல்லையா, அப்படி என் எதிர்காலம் மாமாவின் துண்டுக்கு அடியில் இருந்தது.

எங்கள் பஞ்சாயத்துக்கு டிவி வந்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. அலுவலகத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் டில்லியிலிருந்து வருவதெல்லாம் இந்தி. எங்கள் ஊரில் ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் கூட்டத்துக்குக் குறைவில்லை. படம் அசைகிறதே, அது போதாதா?

ஒரு ஞாயிறு பொம்மைப் படத் தொடர் ஒன்று ஆரம்பித்தது. வெளிநாட்டு ஊர். கிழிந்த கவுன் போட்ட ஒரு பெண். ஒரு நொண்டிக் கழுதை. அதை முறைத்துக்கொண்டு ஒரு ஆள். இரண்டு நிமிடம் பார்த்ததும் எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. இந்தக் கதை எனக்குத் தெரியும்! உத்திரமேரூர் கிளை நூலகத்தில் தமிழில் இருக்கிறது. கப்பலில் போய்த் திரும்பாத அப்பாவைத் தேடி, சித்தப்பாவுக்குத் தெரியாமல் கழுதையை ஓட்டிக்கொண்டு கடலுக்குப் போகிற பெண்ணின் கதை. தலைமுறை தலைமுறையாக உலகக் குழந்தைகள் படித்து அழுத நாவல் என்று பின்னட்டையில் போட்டிருக்கும். நான் மூன்று தடவை எடுத்துப் படித்து, மூன்று தடவையும் அழுதிருக்கிறேன்.

என்னால் சும்மா இருக்க முடியவில்லை. "அந்த ஆளு அந்தப் பொண்ணோட சித்தப்பா. கழுதையைத் தோலுக்கு விக்கப் போறாரு" என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, டிவியில் அந்த ஆள் கழுதையின் கழுத்தில் கயிற்றைப் போட்டு இழுத்தார். மொத்தக் கூட்டமும் டிவியை விட்டுவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தது.

எதிர்வீட்டு அத்தை கேட்டாள். "ஏ பொண்ணு, உனுக்கு இந்தி தெரியுமா?"

தெரியாது என்று ஒரே வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் சிரித்தேன். சிரிப்பதில் என்ன பொய் இருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு டிவிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். இரும்பு மடக்கு நாற்காலி. அதுவரை பஞ்சாயத்துத் தலைவரும் கர்ணமும் மட்டுமே உட்கார்ந்த நாற்காலி. அப்பா டீக்கடையில், "எம் பொண்ணு இந்தியை அப்பிடியே தண்ணியாட்டம் தமிழ்ல ஊத்துறா" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். நான் ஜடையை முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். மாமா வாசற்படியில் பீடியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

வேலை நான் நினைத்த அளவு சுலபமாக இல்லை. சித்தப்பா இரண்டு நிமிடம் கத்துவார். புத்தகத்தில் அந்த இடத்தில் அவர் பேசுவதே இல்லை. நான், "போவாதேன்னு சொல்றாரு" என்பேன்.

"அத்தினி நேரம் கத்துனான், நீ ஒத்த வார்த்தையில முடிச்சிட்ட?" என்று வாசற்படியிலிருந்து மாமா கேட்பார்.

"இந்தி அப்படித்தான் மாமா, நீளமா வரும்."

பிறகு பாட்டு வர ஆரம்பித்தது. புத்தகத்தில் பாட்டே கிடையாது. இங்கேயோ மரம் பாடுகிறது, வாத்து பாடுகிறது, பாலம்கூட ஆடுகிறது. "கடவுளை வேண்டிக்கினு பாடுதுங்க" என்று எல்லாவற்றுக்கும் ஒரே அர்த்தம் சொன்னேன். நாலாவது வாரம் தொப்பி போட்ட எலி ஒன்று வந்தது. புத்தகத்தில் அப்படி ஒரு ஜென்மமே இல்லை. யார் அது, யார் அது என்று பிள்ளைகள் பிடுங்கி எடுத்ததில், வாயில் வந்ததைச் சொன்னேன். "கழுதையோட மச்சான்."

அதற்கடுத்த வாரம் அந்த எலி, பெண்ணின் பையிலிருந்த, கடலுக்கு வழி காட்டும் வரைபடத்தைத் திருடிக்கொண்டு ஓடியது. "மச்சான்காரன்னா அப்பிடித்தான் செய்வான்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எல்லோரும் அப்பாவைப் பார்த்தார்கள், அப்புறம் அப்பாவின் மச்சானைப் பார்த்தார்கள். அலுவலகமே சிரிப்பில் அதிர்ந்தது. மாமா பீடியைப் போட்டு மிதித்தார். இதை அவர் சும்மா விடமாட்டார் என்று அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நடுவில் தேர்வு முடிவு வந்தது. நல்ல மதிப்பெண்ணோடு தேறிவிட்டேன். கல்லூரிக்கு மனுப் போட வேண்டிய நாள் நெருங்கியது. மாமா வாயே திறக்கவில்லை.

ஒன்பதாவது ஞாயிறுதான் கதையின் கடைசி. அதற்கு முந்தின வாரம் சொர்ணவாரிப் பட்டத்து நெல்லுக்குக் களை எடுக்கப் போன இடத்தில், பெண்கள் முடிவைச் சொல் சொல் என்று நச்சரித்தார்கள். நானும் பெருமையாகச் சொல்லிவிட்டேன். புயலில் பெண்ணைச் சுமந்துகொண்டு நடந்த கழுதை, கடலைப் பார்த்ததும் மணலில் படுத்து உயிரை விட்டுவிடும். அப்பாவும் கிடைக்க மாட்டார்.

களைக்கொத்துகள் அப்படியே நின்றுவிட்டன. எதிர்வீட்டு அத்தை முந்தானையில் மூக்கைச் சிந்தினாள். "மாரியாத்தா, அந்த வாயில்லா ஜீவன் பொழைச்சா உனுக்குப் பொங்க வைக்கிறேன்டி ஆத்தா!"

"அத்தே, அது எப்பவோ எழுதின கதை. படம்கூட வரைஞ்சி முடிச்சிட்டாங்க. இனிமே வேண்டிக்கினு இன்னா பண்றது?"

"ஆத்தாளுக்குத் தெரியாதது உனுக்குத் தெரிஞ்சிடுச்சா? போவியா!"

விஷயம் மாமா காதுக்குப் போயிற்று. மாலையில் வீட்டுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் என்னை நிறுத்தினார். "மாடு, கய்தையப் பத்தி எங்கிட்ட சொல்லு. நனைஞ்சதுக்கும் நடந்ததுக்கும் கய்தை சாவாது. அது எமனையே ரெண்டு உதை உதைக்கும்."

"சாவும் மாமா. நான் படிச்சிருக்கேன்."

மாமா தோளிலிருந்த துண்டை எடுத்தார். "கைய குடு. கய்தை செத்துச்சின்னா, நானே உன்னை காஞ்சிபுரம் இட்டுக்கினு போயி காலேஜுல சேக்கறேன். பொழைச்சிதுன்னா தாமலுக்கு ஆள் அனுப்பிடுவேன். இன்னா சொல்ற?"

துண்டுக்கு அடியில் கொடுத்த வாக்கை எங்கள் பக்கம் யாரும் மீற முடியாது. அம்மா வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். மூன்று தடவை படித்த புத்தகம், எனக்கென்ன பயம்? கையை நீட்டினேன். துண்டுக்குள் மாமா என் நடுவிரலைப் பிடித்து அழுத்தினார்.

அந்த வாரம் முழுக்க எதிர்வீட்டில் கழுதை பிழைக்க விளக்கு ஏற்றினார்கள். எங்கள் வீட்டில் நான், கழுதை சாக வேண்டும் என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரு வாயில்லா ஜீவன் சாக வேண்டும் என்று வேண்டுகிற அளவுக்குப் படிப்பு என்னைக் கொண்டுபோய் விட்டிருந்தது.

ஞாயிறு வந்தது. ஜன்னலில் எல்லாம் தலைகள். புயல் அடித்தது, கழுதை நடந்தது, கடல் தெரிந்தது, கழுதை மணலில் சாய்ந்து கண்ணை மூடியது. நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று, துக்கத்தோடு அறிவித்தேன். "செத்துப்போச்சு."

பெண்கள் ஓவென்று அழுதார்கள். அத்தை மாரில் அடித்துக்கொண்டு, "கடலைப் பாக்க வந்தியே, கண்ண மூடிப் போனியே" என்று ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள். அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மாமாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது ஆடுது" என்றார்.

ஆடியது. முதலில் இடது காது, பிறகு வலது காது. கழுதை ஒரு கண்ணைத் திறந்தது. எழுந்து உடம்பை உதறியது. நொண்டியாக இருந்த கால் நன்றாக இருந்தது! தொப்பி எலி திருந்திப்போய் மேளம் அடிக்க, வாத்துகள் பாட, கழுதை பின்னங்காலில் நின்று ஆடியது. தூரத்தில் ஒரு கப்பல் வந்தது. அதிலிருந்து வாயில் புகைக்குழாயோடு பெண்ணின் அப்பா இறங்கினார்.

அத்தை அழுத வாயை மூடாமலே குலவை போட்டாள். விசில் பறந்தது. நான் நின்றது நின்றபடியே இருந்தேன். உட்கார நாற்காலி இருந்தது என்பதே மறந்துபோயிற்று.

மாமா சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை. மெதுவாகக் கேட்டார். "செத்துப்போச்சுன்னு சொன்னியே, இந்தியில அதை யாரு சொன்னது?"

யாருமே சொல்லவில்லை. அந்த இடத்தில் டிவியில் அலைச் சத்தம் மட்டும்தான்.

"எனக்கு இந்தி தெரியாது மாமா" என்றேன்.

குலவை நின்றது. "தெரியாமயா ஒம்பது வாரம் சொன்ன?" என்றாள் அத்தை. கோபத்தைவிட ஆச்சரியம்தான் அதிகமாக இருந்தது அவள் குரலில். ஆனால் அப்பா தலையைக் குனிந்துகொண்டு வெளியே போனார். டீக்கடை இருக்கிற தெருவை விட்டுவிட்டு, வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதைப் பார்த்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் உத்திரமேரூர் போய், நூலகம் திறக்கும்வரை வாசலில் காத்திருந்து அந்தப் புத்தகத்தை எடுத்து வந்தேன். செவ்வாய்க்கிழமை அத்தை மாரியம்மன் கோவிலில் பொங்கல் வைத்தாள். கழுதைக்காகப் பொங்கல் வைத்த ஊர் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும். ஊரே அங்கே இருந்தது. நான் புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு போய் நின்றேன்.

"இந்தி தெரியும்னு நெனைக்க வச்சது தப்பு. ஆனா புஸ்தகத்துல கழுதை சாவுது. அது பொய் இல்ல. படிச்சிக் காட்றேன்."

"படி" என்றார் மாமா. "கடைசிப் பக்கத்தைப் பிரிச்சிக்கினு நிக்காத. அட்டையிலேர்ந்து படி. ஒரு எழுத்து வுடக்கூடாது."

அட்டையைப் படித்தேன். உள்ளே திருப்பி முதல் பக்கத்தைப் படித்தேன். கதையின் பெயர், எழுதியவர் பெயர், அதற்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி. மூன்று தடவை புத்தகத்தைப் படித்தவள், அந்த வரியை ஒருதடவைகூடப் படித்ததில்லை. "சுருக்கித் தமிழில் தந்தவர்" என்று வாசிக்கும்போதே என் குரல் இறங்கிவிட்டது.

"சுருக்கின்னா?"

"பெரிய புஸ்தகம் மாமா. இங்கிலீஷ்ல. அதைச் சின்னதா..."

"எத்தினியை வுட்டாரு? எதை மாத்துனாரு?"

"தெரியாது மாமா."

அந்தத் 'தெரியாது' முதல் ஞாயிறே சொல்லியிருக்க வேண்டியது.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "அப்போ டிவிக்காரன் ஒண்ணு சொல்றான், இந்த ஆளு ஒண்ணு சொல்றாரு, நீ நடுவுல ஒண்ணு சொன்ன. மூணு பேரும் தரகருங்க. மாட்டை எவனும் காட்டல. பல்லைப் பாக்காம நான் எப்பிடி ஒத்துக்கறது?"

"பல்லு இங்கிலீஷ்ல கீது மாமா" என்றேன்.

"உனுக்குத்தான் இங்கிலீஷ் தெரியுமே?"

"பரீட்சைக்குத் தெரியும். ஒரு முழுப் புஸ்தகத்தைப் படிக்கிற அளவுக்குத் தெரியாது. காலேஜுக்குப் போனா தெரிஞ்சிக்கலாம்."

கூட்டம் மாமாவையே பார்த்தது. துண்டுக்கு அடியில் போட்ட ஒப்பந்தம். முடிவு தெரியாமல் தாமலுக்கும் ஆள் அனுப்ப முடியாது. அத்தை கரண்டியும் கையுமாக, "அதான, எனக்கும் தெரியணும். பொழைக்கலைன்னா நான் ஆத்தாளுக்கு வெல்லம் போட்டதுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள்.

அன்று மீதிக் கதையையும் படித்தேன். கழுதை ஆடியதைக் கண்ணால் பார்த்தவர்கள்தான், கடைசிப் பக்கத்தில் மறுபடியும் அழுதார்கள். மாமா அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அப்பா எனக்காக ஒரு தொன்னைப் பொங்கலைக் கையில் வைத்துக்கொண்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்தார்.

அடுத்த வாரம் மாமாவே என்னைக் காஞ்சிபுரம் கூட்டிக்கொண்டு போனார். கல்லூரி வாசலில், "பந்தயம் இன்னும் முடியல, ஞாபகம் வச்சிக்கோ" என்றார். சேர்க்கைப் படிவத்தில் பொறுப்பாளர் என்ற இடத்தில் அவருடைய பெருவிரல் ரேகைதான் இருக்கிறது.

இப்போது யார் எதைக் கேட்டாலும், தெரியாததைத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது எனக்குக் கிடைத்த மதிப்பெண்களைவிடப் பெரிய படிப்பு என்று தோன்றுகிறது. ஊருக்குப் போகும்போதெல்லாம் அத்தை வாசலிலேயே மறித்து, "கய்தை இன்னா ஆச்சு?" என்று கேட்கிறாள். கல்லூரி நூலகத்தில் அந்த ஆங்கிலப் புத்தகம் இருந்தது. செங்கல் கனம். பக்கத்தில் அகராதியை வைத்துக்கொண்டு நாற்பத்தோராம் பக்கம் வரை வந்துவிட்டேன். கழுதை இன்னும் கதைக்குள்ளேயே வரவில்லை. கடைசிப் பக்கத்தை நான் திருப்பிப் பார்க்கவில்லை.